எஸ்ஸவீராவுக்கு இரண்டு இரவு கொடுங்கள்: மொராக்கோ டூர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். தமிழர்களைக் குழுவாகச் சேர்த்து மொராக்கோவுக்கு அழைத்துப் போகிறீர்கள். விசா, விமானம், சைவச் சாப்பாடு, மூட்டு வலிக்காரர்களுக்குக் கீழ்த்தள அறை என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டத்தைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது சின்ன வேலை இல்லை. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் திட்டத்தில் எஸ்ஸவீரா என்ற அட்லாண்டிக் கடலோர ஊருக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

நான் பார்த்த பேக்கேஜ்களில் அந்த ஊருக்குக் கிடைப்பது ஒரு வரிதான். 'மராகேஷிலிருந்து ஒருநாள் பயணம்: போர்த்துக்கீசியக் கோட்டை, மீன்பிடித் துறைமுகம், ஷாப்பிங்.' மராகேஷுக்கும் எஸ்ஸவீராவுக்கும் சுமார் 180 கிலோமீட்டர். வழியில் மரத்தில் நிற்கும் ஆடுகளைப் படம் பிடிக்க ஒரு நிறுத்தம், ஆர்கன் எண்ணெய்க் கடையில் இன்னொரு நிறுத்தம். ஊருக்குள் நுழையும்போது மதியம் ஆகிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, மிச்சமிருப்பதில் மதில் மேல் ஏறி நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். நானும் முதலில் அப்படி ஒரு குழுவோடுதான் போனேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஊர் அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. அப்புறம் தனியாகப் போய்த் தங்கியபோதுதான், எங்கள் குழுவில் இருந்த ஒவ்வொருவரும் எதை இழந்தோம் என்று புரிந்தது.

அந்த 'போர்த்துக்கீசியக் கோட்டை' என்ற சொல்லையே முதலில் சரிசெய்ய வேண்டும். போர்த்துக்கீசியர் இங்கே கோட்டை கட்டியது உண்மை. மன்னர் மானுவேல் காலத்தில், 1506-ல், 'கஸ்டெலோ ரியால்' என்ற பெயரில் கட்டினார்கள். சுற்றுப்புறத்து மக்கள் விடாமல் எதிர்த்ததில் சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போனார்கள். இன்று உங்கள் பயணிகள் ஏறி நின்று படம் எடுக்கும் மதில்களும் துறைமுகக் கோட்டையும் அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு மொராக்கோ சுல்தான் கட்டியவை. ஊரைத் திட்டம் போட்டுக் கட்டியவரின் பெயரை எடுத்துவிட்டு, நிலைக்க முடியாமல் போனவர்களின் பெயரை அச்சடிப்பது அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயம்.

அந்தச் சுல்தான் சிதி முகம்மது பின் அப்துல்லா. 1757 முதல் 1790 வரை ஆண்டவர். அமெரிக்கா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்த அடுத்த ஆண்டே, 1777-ல், அதன் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களைத் திறந்துவிட்டவர். கடல் வணிகத்தின் அருமை அவருக்குத் தெரியும். தெற்கே இருந்த அகாதிர் துறைமுகம் சொன்ன பேச்சு கேட்காத உள்ளூர்த் தலைவர்களின் பிடியில் இருந்தது. அதை மூடிவிட்டு, மராகேஷுக்கு நேர் மேற்கே, தன் கண்பார்வையில் ஒரு துறைமுகம் வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது அந்த இடத்துக்கு மொகடோர் என்று பெயர். 1760-களில் வேலை தொடங்கியது. கோட்டைகள் கட்டிப் பழகிய பிரெஞ்சுப் பொறியாளர் தியோடோர் கோர்னூவை அமர்த்தினார். கோர்னூ 1767-ல் வரைந்த ஊர்ப்படம் இன்றும் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

மராகேஷிலும் ஃபெஸ்ஸிலும் சந்துகளில் வழி தவறி அலைந்துவிட்டு இங்கே வரும் உங்கள் பயணிகள் ஒன்றைக் கவனிப்பார்கள், ஆனால் யாரும் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே தெரு நேராகப் போகிறது. வடக்கே பாப் துக்காலா வாசலில் நின்றால், துறைமுகம் நோக்கி ஊரின் முதுகெலும்பாக ஒரே நேர் வீதி இறங்குகிறது. ஐரோப்பிய ராணுவக் கட்டடக் கலையின் கணக்கும், மொராக்கோவின் குடியிருப்பு முறையும் ஒரே ஊரில் கூடி வந்திருப்பதால்தான் யுனெஸ்கோ 2001-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. துறைமுக வாசலின் மேல் ஹிஜ்ரி 1184 என்று பொறித்திருக்கிறது. நம் கணக்கில் 1770. அதைக் கட்டியவர் இஸ்லாத்தைத் தழுவி அஹமது என்று பெயர் மாற்றிக்கொண்ட ஓர் ஆங்கிலேயர் என்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டித்தான் எல்லாக் குழுவும் மீன் சாப்பிடப் போகிறது. நிமிர்ந்து பார்க்கச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

கட்டினால் போதுமா, வியாபாரம் நடக்க வேண்டுமே. சுல்தான் நாட்டின் பல நகரங்களிலிருந்தும் யூத வணிகக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே கொண்டுவந்தார். கஸ்பா என்ற கோட்டைப் பகுதியில் வீடு, வியாபாரத்துக்கு முன்பணம், வரிச் சலுகை எல்லாம் கொடுத்தார். 'துஜ்ஜார் அஸ்-சுல்தான்', அதாவது சுல்தானின் வணிகர்கள் என்று அவர்களுக்குப் பெயர். சஹாராவைக் கடந்து திம்புக்டுவிலிருந்து வரும் ஒட்டகக் கூட்டங்கள் தங்கப் பொடி, தந்தம், தீக்கோழி இறகு, பிசின் ஆகியவற்றைக் கொண்டுவந்தன. அதே கூட்டங்களில் அடிமைகளாக மனிதர்களும் வந்தார்கள். ஆட்டுத்தோலும் பாதாமும் கப்பலேறின, மான்செஸ்டர் துணி இறங்கியது. இன்று மொராக்கோவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஊற்றித் தருகிற புதினாத் தேநீருக்கான சீனப் பச்சைத் தேயிலையை 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் வணிகர்கள் பெருமளவில் இறக்கிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. ஒரு தேநீர்க் கடையில் குழுவை உட்கார வைத்து இதைச் சொன்னால் போதும், குடிக்கிற தேநீரே வேறு மாதிரி இருக்கும்.

பணக்கார வணிகர்கள் கஸ்பாவில் இருக்க, பின்னால் வந்த சாதாரண யூதக் குடும்பங்களுக்கு 1807-ல் தனிக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. அதுதான் மெல்லா. இடம் கொஞ்சம், ஆள் அதிகம். வீடு மேல் வீடாக நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரு காலத்தில் முஸ்லிம்களுக்கு நிகராக யூதர்கள் வாழ்ந்த ஊர் என்று சொல்லும் அளவுக்கு அவர்களின் எண்ணிக்கை இருந்தது. தொழுகைக்கூடங்கள் முப்பதுக்கு மேல். 1948-க்குப் பிறகு அலை அலையாக இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். மெல்லாவில் பல வீடுகள் இடிந்து விழுந்தன.

பொதுவாகக் குழுக்கள் மெல்லா பக்கம் போவதில்லை. போக வேண்டும் என்பேன். சீமோன் அத்தியாஸ் தொழுகைக்கூடத்தைப் புதுப்பித்து 'பெய்த் தாக்கிரா', நினைவின் இல்லம், என்று ஆக்கியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் மன்னர் ஆறாம் முகம்மது நேரில் வந்து பார்த்தார். அரசரின் ஆலோசகரும் இதே ஊரில் பிறந்தவருமான ஆந்த்ரே அஸூலே இந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர். உள்ளே பழைய புகைப்படங்கள், கடிதங்கள், உடைகள், இசை எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி யூத மதகுரு ரப்பி ஹயீம் பின்ட்டோவின் தொழுகைக்கூடம். 1845-ல் மறைந்த அவருடைய கல்லறைக்கு ஒவ்வோர் ஆண்டும் வெளிநாடுகளில் இருந்து அவரைப் போற்றும் யூதர்கள் வந்து கூடுகிறார்கள். முஸ்லிம் நாட்டில், முஸ்லிம் காவலர் சாவி வைத்துத் திறந்துவிடும் யூதத் தொழுகைக்கூடத்தை நம் ஆட்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த ஊரில் நான் வேறு எதையும் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அடிமைகளைப் பற்றிச் சொன்னேன். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் கனாவா மக்கள். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் நினைவும், சூஃபி வழிபாடும் கலந்து ஓர் இசை பிறந்தது. ஒட்டகத் தோல் போர்த்திய, மூன்று நரம்பு கொண்ட கிம்ப்ரி அடித்தொண்டையில் பேசும். அதைச் சுற்றி இரும்புத் தாளங்கள், கர்க்கெப், ஓயாமல் ஓடும். தலைமைக் கலைஞரை மஅல்லெம் என்பார்கள். நோயுற்றவர்களுக்காகவும் மனம் கலங்கியவர்களுக்காகவும் இரவு முழுக்க நடத்தும் சடங்குக்கு லீலா என்று பெயர். ஒவ்வோர் ஆவிக்கும் ஒரு நிறம், ஒரு சாம்பிராணி, ஒரு பாட்டு. அடிமையாக இருந்து விடுதலை பெற்று, இஸ்லாத்தில் முதன்முதலாகப் பாங்கு சொன்ன பிலாலைத் தங்கள் முன்னோராகக் கொள்கிறார்கள். அவர் பெயரிலேயே 'சித்னா பிலால் ஸாவியா' என்ற மடம் இந்த ஊரில் இருக்கிறது.

இந்த ஊர் பெற்ற பெரிய மஅல்லெம் மஹ்மூத் கினியா. 2015 ஆகஸ்டில் மறைந்தார். அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் கனாவா என்ற சொல்லே உலகத்தில் பலருக்குத் தெரிய வந்தது. 1998-ல் தொடங்கிய கனாவா இசை விழா பெரும்பாலும் ஜூன் மாதம் நடக்கும். பெரிய மேடைகளில் பாட்டைக் காசு கொடுக்காமலே கேட்கலாம், ஊரே வீதியில் இருக்கும். கனாவாவை யுனெஸ்கோ 2019-ல் மனித குலத்தின் வாழும் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. விழாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சாதாரண நாளிலும் சிறிய அரங்குகளில், சில வீடுகளில், இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் கிம்ப்ரி சத்தம் கேட்கும். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் பஸ் மராகேஷுக்குத் திரும்பிவிட்டிருக்கும். இரண்டு இரவு கேட்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னும் பின்னால் போனால் ஊரைவிடப் பழையது எதிரே தெரியும் தீவு. ஃபினீசியர்கள் கி.மு. 7-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வந்து தங்கி வியாபாரம் செய்திருக்கிறார்கள். ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி, அட்லாண்டிக் கரையில் இத்தனை தெற்கே அவர்கள் வந்து போனதற்கு அகழாய்வில் கிடைத்த மட்பாண்டங்களே சாட்சி. பிறகு வட ஆப்பிரிக்காவின் பழைய நாடான மவுரெத்தானியாவின் அரசன் இரண்டாம் ஜூபா இங்கே ஊதாச் சாயத் தொழில் நடத்தியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கடல் நத்தைகளின் சுரப்பியிலிருந்து எடுக்கும் சாயம் அது. ஒரு கிராம் சாயத்துக்கு ஆயிரக்கணக்கான நத்தைகளை உடைத்துக் கொன்றாக வேண்டும். ஜூபாவின் மனைவி வேறு யாருமில்லை, எகிப்தின் கிளியோபாட்ராவுக்கும் மார்க் ஆண்டனிக்கும் பிறந்த மகள். இவர்களின் மகன் தாலமி ஊதா அங்கி அணிந்து அரங்கில் நுழைந்தபோது கூட்டத்தின் கண்ணெல்லாம் அவன்மேல் திரும்பியதால்தான், பொறாமையில் பேரரசன் கலிகுலா அவனைக் கொன்றான் என்று சுவெட்டோனியஸ் சொல்கிறார். கி.பி. 40-ல் நடந்தது. கடற்கரையில் நின்று அந்தத் தீவைக் கைகாட்டி இந்தக் கதையைச் சொல்லும் கைடு உங்களுக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

தீவுக்குள் இறங்க முடியாது, அது காப்பகம். எலியோனோரா வல்லூறு அங்கே கூடு கட்டுகிறது. மடகாஸ்கரில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இங்கே வந்து, கோடையின் கடைசியில்தான் குஞ்சு பொரிக்கும். ஐரோப்பாவிலிருந்து தெற்கே வலசை போகும் சிறு பறவைகள் அந்த நேரத்தில்தான் கடலைக் கடக்கும், குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும். மாலையில் கடற்கரை வழியே தெற்கே நடந்து வேத் க்சோப் ஆற்று முகத்துக்குப் போனால், பூச்சி பிடிக்க வரும் வல்லூறுகளைத் தலைக்கு மேலேயே பார்க்கலாம். பக்கத்தில் மணலில் பாதி புதைந்த பழைய கோட்டை ஒன்று கிடக்கும். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதைப் பார்த்துத்தான் மணல் கோட்டைகளைப் பற்றிய தன் பாட்டை எழுதினார் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். பாட்டு வந்தது 1967-ல், அவர் இந்த ஊருக்கு வந்தது 1969-ல். உங்கள் கைடுகள் அதைத் திரும்பச் சொல்லாமல் இருந்தால் நல்லது. உண்மையே இவ்வளவு இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

1844 ஆகஸ்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிருக்கு மொராக்கோ இடம் கொடுத்தது. அதற்குத் தண்டனையாக ழுவான்வில் இளவரசரின் தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை வந்து ஊரைக் குண்டு வீசித் தகர்த்து, தீவையும் பிடித்தது. கஸ்பா மதிலின் மேல் வரிசையாக நிற்கும் வெண்கலப் பீரங்கிகளைப் பார்க்கிறோமே, அவற்றில் பல ஸ்பெயினில் வார்க்கப்பட்டவை. அந்த நாளில் அவை ஊரைக் காப்பாற்றவில்லை. பிறகு 1912-ல் பிரெஞ்சு ஆட்சி வந்தது. பெரிய கப்பல்கள் காசாபிளாங்காவுக்குப் போயின, ஒட்டக வணிகம் நின்றது, சுல்தானின் துறைமுகம் மத்தி மீன் துறைமுகமாகச் சுருங்கியது. இன்றும் நீலப் படகுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்திலேயே மரத்தில் பெரிய மீன்பிடிப் படகுகளைக் கையால் கட்டுகிறார்கள். பலகையை வளைத்து விலாச்சட்டத்தில் பொருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

இப்போது வழியில் நடக்கும் நிறுத்தங்களைப் பற்றி. ஆர்கன் மரத்தில் ஆடு பழத்துக்காகத் தானே ஏறும் என்பது உண்மை. ஆனால் சாலையோரத்தில் டூரிஸ்ட் வண்டி நிற்கும் இடங்களில் பல நேரம் ஆட்கள் ஆடுகளைத் தூக்கி மரத்தில் நிறுத்தி, மணிக்கணக்காக வெயிலில் வைத்து, படத்துக்குக் காசு வாங்குகிறார்கள். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். நம் பயணிகள் கொடுக்கும் காசுதான் அந்த ஆடுகளை அங்கே நிறுத்துகிறது.

ஆர்கன் எண்ணெய்க்கும் இதே யோசனைதான். உலகில் அந்த மரம் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் மொராக்கோவின் இந்தத் தென்மேற்கு மூலையில். 1998-ல் இந்தக் காட்டை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் முப்பது கிலோ பழம் தேவை. கொட்டையைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் பெண்கள் ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். பேராசிரியை ஜுபைதா ஷர்ரூஃப் முயற்சியில் 1996-ல் தமனாரில் தொடங்கிய 'அமல்' பெண்கள் கூட்டுறவுதான் இந்த வகையில் முதன்மையானது. தமனார் எஸ்ஸவீராவிலிருந்து அகாதிர் போகும் சாலையில் இருக்கிறது. ஆக, மராகேஷுக்கே திரும்பாமல் இரண்டு நாள் கழித்துத் தெற்கே அகாதிர் போய் அங்கிருந்து விமானம் பிடிக்கும்படி திட்டம் போட்டால், வாசலில் நான்கு பெண்களை உட்கார வைத்து உள்ளே எண்ணெய் விற்கும் கடைகளைத் தவிர்த்துவிடலாம்.

சாப்பாடுதான் உங்கள் பெரிய கவலை என்று தெரியும். மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. துறைமுகத்தில் நிறுத்து வாங்கி, பக்கத்திலேயே சுடச் சொல்லிவிடலாம், ஆனால் விலையை எடை போடும்போதே பேசி முடிக்கச் சொல்லுங்கள். சைவக்காரர்களுக்காகச் சமையல்காரரைக் கூட்டிப்போய் மூன்று வேளையும் சாம்பார் சாதம் போட வேண்டியதில்லை. பிஸ்ஸாரா என்ற மொச்சை வகைப் பயறுக் கஞ்சி காலையில் சூடாகக் கிடைக்கும், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும். கத்தரிக்காயைத் தக்காளியோடு மசித்த ஸாலூக் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். வறுத்த பாதாம், ஆர்கன் எண்ணெய், தேன் அரைத்த அம்லூவை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடலாம். கூஸ்கூஸைக் காய்கறி மட்டும் போட்டுச் செய்யச் சொன்னாலும், இறைச்சிச் சாறு ஊற்றாமல் தரும்படி முன்கூட்டியே சொல்லி வைப்பது உங்கள் பொறுப்பு.

வேறு சில விஷயங்கள். மதிலுக்குள் வண்டி போகாது. வாசலில் தள்ளுவண்டிக்காரர்கள் இருப்பார்கள், பெட்டிகளை அவர்கள் விடுதிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், அவர்கள் கூலியை நீங்களே பேக்கேஜில் சேர்த்துவிடுங்கள். ரியாத் எனப்படும், முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதிகளில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு செங்குத்து. வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை காற்று பலமாக வீசும். மராகேஷ் நாற்பது டிகிரியில் கொதிக்கும்போது இங்கே மாலையில் ஸ்வெட்டர் வேண்டும். குளிக்கும் கடற்கரை என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், அது பலகையில் சறுக்குபவர்களின் கடல். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பதுபோல் நாளை அமைத்தால் ஹத் த்ரா சந்தைக்குப் போகலாம். டூரிஸ்டுக்காக அல்லாமல், சுற்றுவட்டார விவசாயிகள் தங்களுக்காகக் கூடும் சந்தை அது. கஸ்பா மதிலின் அடியில் தூயா மர வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. வேர் முண்டில் இழைத்த பெட்டிகளைக் கையில் எடுத்தாலே வாசம் வரும். அந்த மரம் குறைந்துவருவதால், கண்டபடி அள்ளாமல் செய்தவரிடமே ஒன்றை வாங்கச் சொல்லுங்கள்.

கூடுதல் இரவுக்குச் செலவாகும் என்பீர்கள். மராகேஷில் கடைசி இரண்டு நாளும் பெரும்பாலும் கடைத்தெருவில்தான் கழிகின்றன. அதிலிருந்து எடுங்கள். ஆட்டு நிறுத்தமும் எண்ணெய்க்கடை நிறுத்தமும் போனால் அரை நாள் மிச்சம். உள்ளூர் கைடை ஊரிலேயே அமர்த்துங்கள். மராகேஷிலிருந்து கூட வருபவருக்கு இந்த ஊர் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த பருவத்துக்கான அட்டவணையை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு குழுவுக்காவது இப்படிச் செய்து பாருங்கள். 'போர்த்துக்கீசியக் கோட்டை' என்ற வரியை எடுத்துவிட்டு, 'சுல்தான் சிதி முகம்மது பின் அப்துல்லா கட்டிய துறைமுக நகரம், இரண்டு இரவு' என்று போடுங்கள். அந்தக் குழுவில் முதல் ஆளாக நான் பணம் கட்டுகிறேன்.

அன்புடன்,
உங்களோடு பயணம் செய்யும் ஒரு தமிழ்ப் பயணி